புதியவருக்கு எந்த லினக்ஸ்? மின்ட், உபுண்டு, ஜோரின், ஃபெடோரா: பயன்பாடும் பங்களிப்பும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினியைத் தூக்கி எறிய மனமில்லாத பலர் அதன்பின் லினக்ஸ் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது எந்த வழங்கலை (லினக்ஸைக் கொண்டு தொகுத்துத் தரப்படும் இயங்குதளத்தை) நிறுவுவது என்பதுதான். அதற்கு வரும் பதில்கள் பெரும்பாலும் திரையின் தோற்றத்தையும் நிறுவுவதன் எளிமையையும் மட்டுமே அளக்கின்றன. அந்த அளவுகோல் போதாது என்று நான் கருதுகிறேன். கட்டற்ற மென்பொருளில் ஒரு குறையைக் கண்டவர் அதைத் திருத்துபவரிடம் நேரடியாகச் சொல்லலாம். முடிந்தால் தானே திருத்தியும் அனுப்பலாம். ஆகவே ஒரு வழங்கல் புதியவருக்கு எவ்வளவு ஏற்றது என்பதை, முதல் நாள் அது எவ்வளவு எளிதாக இருக்கிறது என்பதோடு, குறையைக் கண்டவருக்கும் அதைத் திருத்துபவருக்கும் இடையே உள்ள தூரத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

ஒப்பிடுவதற்கு நான்கை எடுத்துக்கொள்கிறேன். உபுண்டு 2004 அக்டோபரில், மார்க் ஷட்டில்வொர்த் நிறுவிய கனோனிக்கல் நிறுவனத்தின் ஆதரவில் வெளிவந்தது. லினக்ஸ் மின்ட் 2006-இல் கிளெமென்ட் லெஃபெவ்ரே தொடங்கியது. உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டது. ஜோரின் ஓஎஸ் டப்ளின் நகரைச் சேர்ந்த ஜோரின் சகோதரர்கள் 2009-இல் வெளியிட்டது. இதற்கும் அடித்தளம் உபுண்டுதான். ஃபெடோரா 2003-இல் பிறந்தது. ரெட் ஹேட் நிறுவனம் பொருளுதவி செய்யும் சமூகத் திட்டம்.

முதல் நாள் அனுபவத்தில் மின்ட்டும் ஜோரினும் முன்னே நிற்கின்றன. இரண்டிலும் கீழே ஒரு பட்டை, இடது மூலையில் பட்டியல், வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸில் பழகிய கைக்கு எல்லாம் எதிர்பார்த்த இடத்திலேயே இருக்கும். ஜோரின் இன்னும் ஒரு படி மேலே சென்று, திரையின் அமைப்பை ஒரே சொடுக்கில் மாற்றும் கருவியைத் தருகிறது. விண்டோஸுக்கான பிரபல நிறுவல் கோப்பு ஒன்றைத் திறந்தால், அதே செயலியை லினக்ஸில் எப்படிப் பெறலாம் என்றும் வழிகாட்டுகிறது. உபுண்டுவும் ஃபெடோராவும் க்னோம் என்ற பணிமேடையை (பட்டை, பட்டியல், சாளரங்கள் எனத் திரையை அமைக்கும் மென்பொருளை) அடிப்படையாகக் கொண்டவை. க்னோம் அழகானது, சீரானது. ஆயினும் பழைய பழக்கங்களை விட்டுவிடச் சொல்லும் இயல்புடையது. உபுண்டு இடப்புறம் ஒரு பட்டையை நிரந்தரமாக வைத்து அந்தத் தடுமாற்றத்தைக் குறைக்கிறது. ஃபெடோரா க்னோமை ஏறத்தாழ மாற்றமின்றி, அதை எழுதியவர்கள் எண்ணியபடியே தருகிறது. காப்புரிமைச் சிக்கல் உள்ள காணொளிக் குறிவிலக்கிகளை (சிலவகைக் காணொளிகளை ஓடவைக்கும் மென்பொருள்களை) ஃபெடோரா தன்னுடன் சேர்த்துத் தருவதில்லை. அவற்றுக்காக ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற தனிக் களஞ்சியத்தை (மென்பொருள்களைத் தரவிறக்கும் இணைய இருப்பிடத்தை) இணைக்க வேண்டியிருப்பது முதல் வாரத்திலேயே ஒருவரைச் சோர்வடையச் செய்யக்கூடும்.

புதுப்பித்தல் என்ற இடத்தில் வேறுபாடு கூர்மையாகிறது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வெளிவருகிறது. ஐந்து ஆண்டுகள் ஆதரவு பெறுகிறது. தனிப்பட்ட பயன்பாட்டில் ஐந்து கணினிகள் வரை இலவசமாகக் கிடைக்கும் உபுண்டு ப்ரோ அந்தக் காலத்தைப் பத்து ஆண்டுகளாக நீட்டுகிறது. 2014-இல் வந்த 17-ஆம் பதிப்பிலிருந்து மின்ட் இந்த நீண்டகாலப் பதிப்புகளை மட்டுமே அடித்தளமாகக் கொள்கிறது; 2024 ஜூலையில் வந்த மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதங்களே ஆயுள். ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு மேம்படுத்தலைச் செய்ய ஆர்வமில்லாதவர் அதை நிறுவாமல் இருப்பதே நல்லது.

மின்ட்டின் மிகப் பெரிய பலம் டைம்ஷிஃப்ட் என்று நான் நினைக்கிறேன். முதன்முறை உள்நுழைந்ததும் வரவேற்புத் திரையே, இயங்குதளத்தின் நிலையை அவ்வப்போது பதிந்துவைக்கும் இக்கருவியை அமைக்கச் சொல்கிறது. ஒரு புதுப்பித்தலுக்குப்பின் திரை கருத்துப்போனால், மின்ட்டை நிறுவப் பயன்படுத்திய யுஎஸ்பி வழியாகக் கணினியைத் தொடங்கி, அதே கருவியைத் திறந்து, முந்தைய நாளின் பதிவைத் தேர்ந்தெடுத்து மீட்டுவிடலாம். தவறு செய்தால் திரும்பி வர ஒரு வழி இருக்கிறது என்ற துணிவு புதியவருக்குத் தேவை. பின்னாளில் நிரலைத் தொட்டுப் பார்க்கத் துணிபவருக்கு அது இன்னும் கூடுதலாகத் தேவை.

செயலிகளை வழங்கும் முறையிலும் மின்ட்டும் உபுண்டுவும் பிரிந்து நிற்கின்றன. உபுண்டு செயலிகளைக் கட்டித் தரும் தன் ஸ்னாப் வடிவத்தை முன்னிறுத்துகிறது. அதில் ஃபயர்பாக்ஸ்கூட ஸ்னாப்பாகவே வருகிறது. புதிய பதிப்பு காத்திருக்கிறது, செயலியை மூடுங்கள் என்ற அறிவிப்பு வேலைக்கு நடுவே வருவது அதன் பயனர்களுக்குப் பழகிய ஒன்று. ஸ்னாப் கடையின் வழங்கிப் பக்க நிரல் திறந்த மூலமல்ல. இதைக் காரணங்களுள் ஒன்றாகக் கொண்டு மின்ட் 2020-இல் வந்த 20-ஆம் பதிப்பிலிருந்து ஸ்னாப்பை இயல்பாகத் தடுத்துவைத்து, அதற்கு மாற்றான ஃப்ளாட்பாக் வடிவத்தை ஆதரிக்கிறது. மின்ட் பக்கமே நியாயம் கூடுதல் என்பது என் எண்ணம். ஸ்னாப் செயலிகள் பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமாகவே விரைந்து பெறுவதும் உண்மை. புதுப்பித்தலையே மறந்துவிடும் பயனருக்கு அது சிறிய நன்மையல்ல.

இனி, ஒப்பீடுகளில் அதிகம் பேசப்படாத பகுதிக்கு வருவோம். மின்ட்டில் ஒரு வழுவை, அதாவது மென்பொருள் பிழையை, காண்கிறீர்கள் என்று கொள்வோம். அது யாருடைய வழு? மின்ட்டின் பெரும்பாலான பொதிகள் (நிறுவத்தக்க வடிவில் கட்டிய மென்பொருள்கள்) உபுண்டுவிலிருந்து வருகின்றன; உபுண்டுவின் பெரும்பாலான பொதிகள் அதன் அடித்தளமான டெபியன் என்ற வழங்கலிலிருந்து வருகின்றன; டெபியனோ ஒவ்வொரு செயலியின் மூல உருவாக்குநரிடமிருந்து எடுக்கிறது. இந்த நான்கு அடுக்குகளில் தவறான அடுக்கைத் தட்டினால், அறிக்கை வேறிடத்துக்குத் திருப்பப்படும் அல்லது பதிலின்றிக் கிடக்கும். புதிய பங்களிப்பாளர்கள் மனம் தளர்ந்து விலகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) 'ஆப்ட் பாலிசி' (apt policy) என்ற கட்டளையை, ஐயத்துக்குரிய பொதியின் பெயரோடு கொடுத்தால், கணினியில் இருக்கும் பதிப்பு எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்று அது காட்டிவிடும். அந்த வரியில் மின்ட்டின் களஞ்சிய முகவரி இருந்தால் மின்ட் குழுவிடமும், உபுண்டுவின் முகவரி இருந்தால் உபுண்டுவிடமும் செல்ல வேண்டும். கோப்பு மேலாளரான நெமோ, சின்னமன் பணிமேடை, புதுப்பித்தல் மேலாளர் ஆகியவை முதல் வகை. அவற்றின் மூலநிரல் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் இருக்கிறது, வழுக்களும் அங்கேயே பதியப்படுகின்றன. பதிவதற்குமுன் இன்னும் இரண்டு செய்ய வேண்டும். புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதிலும் வழு தோன்றுகிறதா என்று பார்த்தால், நம் சொந்த அமைப்புகளால் வந்த கோளாறு தனியே தெரிந்துவிடும். செயலியை முனையத்திலிருந்து இயக்கினால், அது விழும்போது கக்கும் பிழைச் செய்தியை அறிக்கையில் அப்படியே ஒட்டலாம். இவ்வளவும் உள்ள அறிக்கை, நிரல் எழுதத் தெரியாதவரிடமிருந்து வந்தாலும், உருவாக்குநரின் வேலையைப் பாதியாக்கிவிடும்.

உபுண்டுவில் அடுக்குகள் ஒன்று குறைவு, கருவியும் சிறப்பு. 'உபுண்டு-பக்' (ubuntu-bug) என்ற கட்டளையைப் பொதியின் பெயரோடு இயக்கினால், தேவையான பதிவேடுகளை அதுவே திரட்டி, உபுண்டு திட்டம் பயன்படுத்தும் லாஞ்ச்பேட் தளத்தில் அறிக்கைப் பக்கத்தைத் திறந்துவிடுகிறது. ஆனால் அங்கு குவியும் அறிக்கைகள் மிகுதி. கணினியின் வேறுபாடுகளும் மிகுதி. வேறு யாராவது அதே வழுவை உறுதிசெய்யும்வரை ஓர் அறிக்கை அசையாமல் கிடப்பது அங்கே வழக்கம். ஆகவே உபுண்டுவில் புதியவர் செய்யக்கூடிய பயனுள்ள முதல் பணி, புது அறிக்கை எழுதுவதைவிட, ஏற்கெனவே உள்ள அறிக்கையைத் தன் கணினியில் சோதித்து 'எனக்கும் நேர்கிறது' என்று விவரத்தோடு உறுதிசெய்வதுதான்.

ஃபெடோராவின் மேன்மை இங்கேதான் தெரிகிறது. மாற்றங்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் மூலத் திட்டத்துக்கே அனுப்ப வேண்டும் என்பது அதன் நெடுநாள் கொள்கை. அதனால் ஃபெடோராவில் காணும் க்னோம் வழு பெரும்பாலும் க்னோமின் வழுவாகவே இருக்கும். நேரே அதன் உருவாக்குநர்களிடம் சொல்லலாம். மேலும், வெளிவரவிருக்கும் ஒவ்வொரு புதுப்பிப்பும் போதி என்ற தளத்தில் பயனர்களின் மதிப்பீட்டுக்குக் காத்திருக்கிறது. சோதனைக் களஞ்சியத்தை இயக்கி, ஒரு பொதியை நிறுவிப் பார்த்து, வேலை செய்கிறது அல்லது செய்யவில்லை என்று வாக்களிப்பதே மெய்யான பங்களிப்பு. அந்த வாக்கு புதுப்பிப்பு வெளிவருவதையே தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்று. நிரல் எழுதாதவரின் சொல்லுக்கு இந்த நான்கில் இவ்வளவு நேரடியான எடை தருவது ஃபெடோராவே.

நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருப்பவருக்கு மின்ட் மீண்டும் முன்னே வருகிறது. சின்னமனின் பட்டையில் அமரும் சிறுசெயலிகள் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டவை. அவற்றுள் பயனர் தாமே தரவிறக்கிச் சேர்த்தவை அவரது வீட்டுக் கோப்புறைக்குள்ளேயே சாதாரண உரைக்கோப்புகளாக இருக்கும். அப்படிச் சேர்த்த ஒன்றின் கோப்பைத் திறந்து, காட்டும் சொல்லையோ எழுத்தின் அளவையோ மாற்றிச் சேமித்து, கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளை ஒருசேர அழுத்தினால் சின்னமன் மறுதொடக்கம் ஆகி மாற்றம் கண்முன் தெரியும். திறந்திருந்த சாளரங்கள் அப்படியே இருக்கும். தொகுப்பியும் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளும்) வேண்டாம், நிர்வாகி கடவுச்சொல்லும் வேண்டாம். மின்ட்டின் சொந்தக் கருவிகள் பெரும்பாலும் பைத்தானில் இருப்பதால் அடுத்த படியும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கனோனிக்கலின் சொந்தத் திட்டங்களுக்கு நிரல் அனுப்புவதானால் முதலில் பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம் ஒன்றை ஏற்க வேண்டும். அது நியாயமற்றது என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு வரியைத் திருத்த வந்தவருக்கு அது ஒரு தயக்கத்தைத் தருகிறது.

மொழியாக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. தமிழில் பங்களிக்க விரும்புவோர் அதைத் தொடக்கத்திலேயே அறிந்திருக்க வேண்டும். உபுண்டுவும் மின்ட்டும் லாஞ்ச்பேட் தளத்தையே மொழியாக்கத்துக்குப் பயன்படுத்துகின்றன. மின்ட்டின் சொந்தக் கருவிகளுக்கு அதுவே மூலம். அங்கே தமிழாக்கிய தொடர் மின்ட் பயனர் அனைவருக்கும் போய்ச்சேரும். க்னோம் செயலி ஒன்றை லாஞ்ச்பேட்டில் தமிழாக்கினால் அது உபுண்டுவின் மொழிப்பொதிக்குள் மட்டும் தங்கிவிடும். மூலத் திட்டத்துக்குத் தானாகத் திரும்பாது. அதே உழைப்பைக் க்னோமின் மொழியாக்கத் தளத்தில் இட்டால் உபுண்டு, ஃபெடோரா, டெபியன் என எல்லா வழங்கலுக்கும் அது பரவும். ஃபெடோரா தன் சொந்தக் கருவிகளுக்கு வெப்லேட் தளத்தைப் பயன்படுத்துகிறது. உலாவியிலேயே தொடர்தொடராக மொழிபெயர்க்கலாம் என்பதால் தொடங்குபவருக்கு அது இதமானது.

பங்களிப்பைப் பேசும்போது ஜோரினைக் குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு. பயன்படுத்துவதற்கு அது நேர்த்தியானது. இலவசப் பதிப்போடு, விலைகொடுத்து வாங்கும் ப்ரோ பதிப்பும் இருப்பதால் அந்தச் சிறு குழுவுக்கு வருவாயும் உண்டு. மூலநிரலும் வெளிப்படையாகவே இருக்கிறது. ஆனால் ஒரு புதியவர் எங்கே தொடங்கி எந்தப் படியாக முன்னேறலாம் என்று ஃபெடோரா வகுத்திருப்பது போன்ற பாதை அங்கு இல்லை. திட்டத்தின் போக்கை நிறுவனமே முடிவுசெய்கிறது. பயனராக மட்டும் இருந்துவிட எண்ணுபவருக்கு, குறிப்பாக மூத்தோரின் கணினியை அமைத்துத் தருபவருக்கு, நான் ஜோரினைத் தயங்காமல் சொல்வேன்.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை மின்ட். நிரலிலோ சோதனையிலோ ஆழ்ந்து இறங்கும் ஆவல் ஏற்கெனவே இருப்பவர் ஃபெடோராவிலேயே தொடங்கலாம். முதல் வாரத்துச் சிரமம் அவருக்குப் பெரிதாகத் தெரியாது. பணியிடத்தில் உபுண்டு வழங்கிகளைக் கையாளுபவருக்கு மேசையிலும் உபுண்டு இருப்பது வசதி. மின்ட்டின் இதமும் வேண்டும், மேலே சொன்ன அடுக்குகளில் ஓர் அடுக்கு குறையவும் வேண்டும் என்போருக்காக மின்ட் குழுவே எல்எம்டிஇ (லினக்ஸ் மின்ட் டெபியன் எடிஷன்) என்ற பதிப்பை வெளியிடுகிறது. அது உபுண்டுவை இடையில் விட்டுவிட்டு நேரே டெபியனின் மேல் அமைந்தது. சின்னமன், டைம்ஷிஃப்ட், புதுப்பித்தல் மேலாளர் எல்லாம் அதிலும் உண்டு. அதில் காணும் வழு மின்ட்டுடையது இல்லையென்றால் டெபியனின் வழுத்தளத்தையே நேராக அணுகலாம். என்விடியா வரைகலை அட்டை உள்ள கணினியில் மட்டும் இயக்கியை நிறுவக் கூடுதல் பொறுமை வேண்டும். உபுண்டுவின் கருவிகளைச் சார்ந்து இயங்கும் இயக்கி மேலாளரின் வசதி அங்கே அதே அளவில் கிடைக்காது.