வாள் மேசையில் தொங்கும் ரவுட்டர்: இரண்டு வருடத்துக்குப் பிறகு

வெள்ளவத்தையில் என் பட்டறை என்று நான் சொல்லிக்கொள்வது வீட்டுக் கார் நிற்கும் இடம்தான். ரவுட்டர் என்பது, பிட் என்ற சுழலும் வெட்டலகால் மரத்துக்கு விளிம்பு இழைக்கும், பள்ளம் வெட்டும் மின்கருவி. அங்கே தனியாக ஒரு ரவுட்டர் மேசைக்கு இடம் ஏது? மேசை வாளின் வலப்பக்க இறக்கையை (மேசையின் பக்க நீட்சியை) கழற்றிவிட்டு, ரவுட்டரைத் தலைகீழாகத் தொங்கவிடும் பலகை ஒன்றைச் செய்து அந்த இடத்தில் மாட்டினேன். இரண்டு வருடமாக வாரக்கடைசிதோறும் ஓடுகிறது.

முதலில் 18 மி.மீ. எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை ஒன்றைத்தான் போட்டேன். மூன்று மாதத்தில் ரவுட்டரின் பாரத்தில் நடு தொய்ந்துவிட்டது. மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் அடியில் விசிட்டிங் கார்டு நுழைகிறது. பிரித்துப் போட்டு, இரண்டு பலகைகளை ஒட்டி 36 மி.மீ. ஆக்கி, அடியில் குறுக்கே இரண்டு ஆங்கிள் இரும்பு கொடுத்தேன். அதற்குப் பிறகு தொய்வு இல்லை. ஃபோமைக்காவை மேலே மட்டும் ஒட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். கொழும்புப் புழுக்கத்தில் அடிப்பக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்துப் பலகை வளைந்துவிடும்.

இவ்வளவு பார்த்தும் ஒன்றைக் கோட்டைவிட்டேன். ரவுட்டரைத் தாங்கும் அலுமினியத் தட்டு உட்காரும் பள்ளத்தின் வெட்டு ஓரத்துக்கு வார்னிஷ் அடிக்கவில்லை. ஒக்டோபர் மழையில் அந்த ஓரம் அரை மி.மீ. அளவுக்கு உப்பியது. கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால்தான் தெரியும். பலாச் சட்டம் ஒன்றுக்கு விளிம்பு இழைத்துக்கொண்டிருந்தேன். சட்டத்தின் முனை தட்டைத் தாண்டியதும் அந்த உப்பலில் முட்டி நின்றுவிட்டது. பிட் அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு நொடிதான், மஞ்சள் மரத்தில் கறுப்பாக ஒரு தீச்சூடு. மொறட்டுவையில் தளபாட வேலை செய்யும் பாஸ் ஒருவரிடம் காட்டினேன். "தம்பி, மரத்தில பிழையில்ல, மேசையிலதான்" என்றார். ஓரத்தைச் சுரண்டி மூன்று பூச்சு அடித்த பிறகு சரி.

உயரத்தைக் கூட்டிக் குறைக்க, பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய கார் ஜாக்கை ரவுட்டருக்கு அடியில் நிறுத்தியிருக்கிறேன். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு குறை: ஒரு சுற்றுக்கு எவ்வளவு உயரும் என்பது ஜாக் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து மாறும். அதனால் சுற்றை எண்ணிப் பயனில்லை, பிட்டையே அளக்க வேண்டும். அளந்ததும் ரவுட்டரின் பூட்டை இறுக்க மறக்கக் கூடாது, அதிர்வில் உயரம் நகரும். ரவுட்டரின் சுவிட்சுக்குள் தூள் போய்ச் சிக்கியதால், முன்பக்கம் தனிச் சுவிட்ச் வைத்தேன். பிட் மாற்றும்போது அந்தச் சுவிட்சை நம்புவதில்லை, 13 அம்பியர் பிளக்கையே கழற்றிவிடுவேன்.

மேசையின் கோடியில் ஃபென்ஸை (மரத்தை ஒட்டித் தள்ளும் நேரான தடுப்பை) பார்த்து நின்றால், மரம் வலமிருந்து இடம் போக வேண்டும். மாற்றித் தள்ளினால் பிட் மரத்தைப் பிடுங்கி இழுக்கும், கையும் கூடவே போகும். பெரிய பிட் என்றால் அது சுற்றும் வேகத்தையும் குறைத்துவிடுங்கள்.

உண்மையான தொல்லை ஃபென்ஸ்தான். வாளுக்கும் ரவுட்டருக்கும் இருப்பது ஒன்றே ஒன்று. அரைமணி நேரம் மெனக்கெட்டு ரவுட்டருக்கு ஃபென்ஸை நிறுத்தியிருப்பேன், அப்போது பார்த்து ஒரு சட்டம் குறையும். அதைக் கிழிக்க ஃபென்ஸை நகர்த்தினால் அளவு போச்சு. இப்போதெல்லாம் தேவைக்கு மேல் இரண்டு சட்டங்களைக் கிழித்து வைத்துக்கொண்டுதான் ரவுட்டரைத் தொடுவேன். சரியாக வந்த வெட்டின் துண்டு ஒன்றையும், பின்னால் பென்சிலால் வேலையின் பெயரை எழுதி, ஆணியில் மாட்டிவைக்கிறேன். அடுத்த முறை அந்தத் துண்டை பிட்டோடு ஒட்டிப்பிடித்தால் உயரமும் ஃபென்ஸும் சேர்ந்தே கிடைத்துவிடும்.

நாலடி சுவர் கூடுதலாக இருப்பவர்கள் தனி மேசையே செய்துகொள்ளலாம். என் வீட்டில் அந்த நாலடியில் கார் நிற்கிறது.