குளிர் இணைவா, சூட்டு இணைவா?

மும்பை கொலாபாவிலுள்ள பெல்லட்ரான் என்ற துகள் முடுக்கியைப் பார்த்துவிட்டு வந்த மாதுங்கா பிள்ளைகள் இருவர், மீகனத் தனிமங்கள் (ஆய்வகத்தில் உண்டாக்கும் மிகக் கனமான தனிமங்கள்) பற்றிய செமினாருக்கு எதை எடுப்பது என்று குழம்புகிறார்கள். இலக்கு அணுக்கருவின் மேல் இன்னொரு அணுக்கருவை எறிந்து ஒட்டவைத்து இவற்றை உண்டாக்கும் இரு வழிகள்தான் குளிர் இணைவும் சூட்டு இணைவும். கீழே வரும் 113, 117 போன்றவை தனிமங்களின் அணு எண்கள்.

இலக்கு:
குளிர் – ஈயம், பிஸ்மத். கையாள்வதில் தொல்லை இல்லை.
சூடு – புளூட்டோனியம், பெர்க்கிலியம் மாதிரி கதிரியக்கச் சரக்கு. 117-க்காக அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு உலையில் உண்டாக்கிய பெர்க்கிலியம் வெறும் 22 மில்லிகிராம். அதுவும் சுமார் 330 நாளில் பாதியாகிவிடும். இணைவு நடந்த ரஷ்யாவின் டுப்னா ஆய்வகத்தில் அவசர அவசரமாகத்தான் வேலை.

எறியும் அணு:
குளிர் – துத்தநாகம்-70 போன்றவை.
சூடு – கால்சியம்-48. இயற்கைக் கால்சியத்தில் 0.2 சதவீதம்கூட இல்லை. விலை கேட்டால் தலை சுற்றும்.

பலன்:
குளிர் – கூட்டுக்கரு (இரண்டும் ஒட்டிப் பிறக்கும் கரு) அதிகம் சூடாகாது, அதனால் பிளந்துபோவது குறைவு. ஆனால் எடை ஏற ஏற, கருக்கள் ஒட்டுவதே அபூர்வம். 113-க்காக ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2004 முதல் 2012 வரை கண்டது மூன்றே அணுக்கள்.
சூடு – 114 முதல் 118 வரை இதன் கைவரிசை.

எல்லை:
119-ஐக் கால்சியத்தால் எட்ட ஐன்ஸ்டைனியம் இலக்கு வேண்டும். அது போதிய அளவில் கிடைக்காது. அதனால் எறிவதற்குக் கால்சியத்தை விட்டு டைட்டானியம்-50 பக்கம் போகிறார்கள். 2024-இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகம் அறிவித்தது: டைட்டானியத்தை எறிந்து 22 நாளில் இரண்டு லிவர்மோரியம் (116) அணு.

தெளிவான கணக்கும், இந்த வழியில் பிறந்த 107–112 தனிமங்களின் வரலாறும் போதுமென்றால் குளிர் இணைவு. ‘அடுத்து என்ன சார்?’ என்று கேட்கும் வகுப்பென்றால் சூட்டு இணைவுதான்.