கறுப்புப் பின்னணியும் கைரேகையும்: மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒரு புகைப்படப் புத்தகம்

குடும்பப் படங்களைப் புத்தகமாக அச்சிடப் போகும் நண்பர் ஒருவர், பளபளப்பில்லாத மேட் தாளா பளபளப்புத் தாளா என்று ஒரே வரியில் சொல்லிவிடும்படி கேட்டார். தாளைப் பற்றி மட்டும் சொல்லி, படங்களைச் சுற்றிப் பக்கத்தை நிரப்பும் பின்னணியை விட்டுவிட்டால் அது பாதிப் பதில்தான் என்பதை என் புத்தகம் எனக்குக் கற்றுக்கொடுத்திருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என்னுடையது 12 அங்குலச் சதுரம், 40 பக்கம், மேட் தாள், ஏறக்குறைய எல்லாப் பக்கங்களுக்கும் கறுப்புப் பின்னணி. மேட் தாளில் கைரேகை தெரியாது என்று கேள்விப்பட்டே அதைத் தேர்ந்தேன். அது பொய்யில்லை, படங்களின் மேல் இன்றும் ஒரு ரேகையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் புத்தகத்தைப் புரட்டுகிறவர் படத்தையா தொடுகிறார்? பக்கத்தின் ஓரத்தைத்தான் தொடுகிறார். என் புத்தகத்தின் ஓரமெல்லாம் அடர்ந்த கறுப்பு. விரலின் எண்ணெய்ப் பசை மேட் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களை நிரப்பி, பட்ட இடத்தை மட்டும் மினுங்க வைத்துவிடுகிறது. பளபளப்புத் தாளாக இருந்தால் மெல்லிய துணியால் ஒற்றியெடுத்துவிடலாம். மேட் தாளிலோ, துடைக்கத் துடைக்க அந்த இடமே மெருகேறித் தனித் திட்டாக நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, தாளின் உள்ளுடம்பு வெள்ளை என்பதால், மூலைகளில் மை தேய்ந்த இடமெல்லாம் வெள்ளைக் கீற்றாகப் பல்லிளிக்கிறது. வெள்ளைப் பின்னணியில் இந்த இரண்டு குறைகளும் கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும்.

கறுப்பைத் தேர்ந்ததில் நியாயம் இல்லாமலில்லை. என் படங்களில் பாதி அந்தி வேளையிலும் விளக்கொளியிலும் எடுத்தவை. இருண்ட பரப்பால் சூழப்பட்ட படம் கண்ணுக்குக் கூடுதல் ஒளியுடன் தெரியும். அதே படம் வெள்ளைத் தாளின் நடுவே மங்கிப்போகும். ஆனால் மேட் தாள் ஒளியைச் சிதறடிப்பதால் அதில் கறுப்பு முழுக் கறுப்பாகத் தெரிவதில்லை, கரும்பலகைச் சாம்பலாகவே தெரிகிறது. கணினித் திரையில் பக்கங்களை அமைத்தபோது இதை உணர வழியே இல்லை. திரை தானே ஒளிர்வது, தாள் அப்படியல்ல.

மென்பொருள் தந்த பூ வேலைப்பாட்டுப் பின்னணியையும் இரண்டு பக்கங்களில் வைத்தேன். அந்தப் பக்கங்களை இப்போது வேகமாகத் திருப்பிவிடுகிறேன்.

எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றும் கிடைத்தது. 12 அங்குலப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் நிரப்ப 3600 பிக்சல் வேண்டும். என்னிடமிருந்த ஒரு பழைய படத்தில் அதில் பாதிகூட இல்லை. தனிப் படமாக வைக்க உதவாத அதை வெளிற வைத்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் பின்னணியாக விரித்தேன். தெளிவின்மையே அங்கே அழகாகிவிட்டது. மேலே வைத்த சிறிய படங்களோடு அது போட்டி போடவில்லை. ரேகை படிந்தாலும் அந்த வெளிறிய சாயலில் தெரிவதில்லை. புத்தகத்திலேயே நான் அதிக நேரம் நிற்கும் பக்கம் அதுதான்.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது: மேட்டுக்கும் பளபளப்புக்கும் இடைப்பட்ட லஸ்டர் தாள், வெள்ளைப் பின்னணி, ஆசைப்பட்டால் ஒன்றிரண்டு பக்கங்களில் வெளிற வைத்த படம். அவரும் ஏற்றுக்கொண்டு, உங்கள் புத்தகத்தை மறுபடி அச்சிட்டால் நீங்களும் வெள்ளைக்கு மாறிவிடுவீர்கள் அல்லவா என்று கேட்டார். பதில் சொல்லும் முன் அந்திப் படங்கள் உள்ள பக்கங்களைத் திறந்து பார்த்தேன். இல்லை, கறுப்பில்தான் அச்சிடுவேன். தாளை மட்டும் முழுப் பளபளப்புக்கு மாற்றுவேன். ஜன்னல் வெளிச்சம் அதில் கண்ணாடிபோல் அடிக்கும் என்றார். அடிக்கட்டும், புத்தகத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன்.