கம்போங் கிளாமில் ஒரு மன்னர்: கற்பனைச் சிங்கப்பூரும் நம் சிங்கப்பூரும்

1819-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சுல்தானாக ஏற்ற உசேன் ஷா, 1824 ஒப்பந்தத்தில் சிங்கப்பூர்த் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்காமல் இருந்து, அவருடைய வழித்தோன்றல்கள் இன்றும் அரசமைப்புக்கு உட்பட்ட மன்னர்களாகக் கம்போங் கிளாம் அரண்மனையில் வீற்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். (நம் உலகில் அந்த அரண்மனை மலாய் மரபுடைமை நிலையமாகிவிட்டது.) அந்தக் கற்பனை நாட்டில் தலைவர் பதவிக்குத் தேர்தல் பரபரப்பும் பிரசாரமும் இல்லை, மன்னர் மறைந்தால் வாரிசு வருவார். அந்தத் தொடர்ச்சிக்கு ஓர் அழகு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் வேறுபாடு சடங்குகளில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது. 1991-இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டபின், ஆறாண்டு தவணைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் நம் அதிபர், முந்தைய அரசாங்கங்கள் சேர்த்த நிதியிருப்பைத் தற்போதைய அரசாங்கம் எடுத்துச் செலவழிப்பதைத் தடுக்கும் உரிமை பெற்றுள்ளார். மக்கள் வாக்கில் வந்த அமைச்சரவையை எதிர்த்து நிற்க அவருக்கும் மக்கள் ஆதரவு வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை. பிறப்பால் மட்டும் பதவிக்கு வந்த சுல்தான் ஒரு வரவுசெலவுத் திட்டத்தைத் தடுத்து நிறுத்தினால், அதை எந்த நாடாளுமன்றம் பொறுத்துக்கொள்ளும்? ஆகவே அவருக்குக் கையொப்பமும் வாழ்த்துரையுமே மிஞ்சும்.

தமிழர் என்ற முறையில் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது: நம் உலகில் அதிபரான தமிழர்கள் எஸ். ஆர். நாதனோ தர்மன் சண்முகரத்னமோ அந்தக் கற்பனை நாட்டில் நாட்டின் தலைவராகியிருக்க வழியே இல்லை.