எல்.டி.டி (வேலை செய்ய ஏலாதவைக்கு இன்சூரன்ஸ் குடுக்கிற மாசக் காசு) காசை வெட்டினதுக்கு வழக்குப் போட்ட லோயர் ஒஃபிஸ்: 5க்கு 4

கனடாவில ஸ்காபரோவில எங்கட ஆக்கள் கனபேர் போற ஒஃபிஸ்தான், பேர் போடேல்ல. இறைச்சி பக் பண்ணுற ஃபக்டரியில 17 வருசம் நிண்டு முதுகு போய், ஒப்பரேசன் செய்தும் சரிவராமல் வேலை இன்சூரன்ஸில லோங் டேர்ம் டிஸெபிலிட்டி (எல்.டி.டி) எடுத்துக்கொண்டிருந்தனான். ரெண்டு வருசம் முடிய லெற்றர் வந்திது. முதல் 24 மாசம் 'என்ர வேலையைச் செய்ய ஏலாது' எண்டாக் காணுமாம், அதுக்குப் பிறகு எனக்கு ஏத்த எந்த வேலையுமே செய்ய ஏலாது எண்டு காட்டவேணுமாம், நான் டிஸ்பச்சர் வேலை செய்யலாமாம். மெசினோட நிண்டவன் ட்ரக்காரரோட ஃபோனில இங்கிலிஷ் கதைக்கிறதோ!

லெற்றரில அப்பீல் போடலாம் எண்டு இருந்திது, ரெண்டுதரம் போட்டன், 14 மாசம் போச்சுது. லோயர் பிள்ளை லெற்றர் திகதியைச் சிவப்புப் பேனையால வட்டம் போட்டுட்டு, "அண்ணை, அப்பீலைப் பாக்கிறதும் அதே கொம்பனிதான், ஒண்டாரியோவில வழக்குப் போட பொதுவா 2 வருசம், அப்பீல் போட்டா அந்தக் கணக்கு நிக்கும் எண்டு நம்பி இருக்காதேங்கோ" எண்டா. அண்டைக்கே சைன் வைச்சன்.

சி.பி.பி டிஸெபிலிட்டிக்கு (வேலை செய்ய ஏலாதவைக்குக் கனடா அரசாங்கப் பென்சன் திட்டம் குடுக்கிற காசு) போடு போடு எண்டு நெருக்கினதே இன்சூரன்ஸ்காரர்தான், அது கிடைச்ச உடன மாசக் காசில கழிச்சு, பழைய காசையும் திருப்பி வாங்கினவை. கழிக்கேக்க உண்மையான வருத்தம் குடுக்கேக்க பொய்யோ? சி.பி.பி தந்ததுக்காக எல்.டி.டியும் குடுக்கவேணும் எண்டு கோட்ஸ் அப்பிடியே ஏற்கவேணும் எண்டில்லையாம், ஆனா பிள்ளை அதை இறுக்கிப் பிடிச்சவ. ஃபமிலி டொக்டரிட்டயும் 'முதுகு நோகுது' எண்டு சும்மா லெற்றர் வாங்காமல், எவ்வளவு நேரம் இருப்பார், எத்தினை இறாத்தல் தூக்குவார் எண்டு கேள்வி எழுதிக் குடுத்து வாங்கினவ.

நான் அரிசிச் சாக்கு ஏத்தினதா இன்சூரன்ஸ்காரர் வீடியோ வேற வைச்சிருந்தவை. முழுசாக் கேட்டு எடுத்துப் பாத்தா, கடைப்பொடியன் ஏத்துறான், நான் ட்ரங்க்கைப் பூட்டிப்போட்டு கார்க் கதவைப் பிடிச்சபடி நிக்கிறன்.

மீடியேசனில (நடுவில ஒராளை வைச்சு ரெண்டு பக்கமும் பேசுறது) மொத்தமா ஒரு காசு பேசி முடிஞ்சுது. இதேமாதிரி இன்சூரன்ஸோட வழக்காடின ஃபிட்லர் எண்ட மனிசிக்கு 2006இல சுப்ரீம் கோட் மன உளைச்சலுக்கு 20,000 டொலர் சரி எண்டதாம், எனக்கு அப்பிடித் தனியா ஒண்டுமில்லை.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சனான் எண்டா, வெண்டாத்தான் ஃபீஸ் எண்டாலும் அந்த 30 வீதத்தோட எச்.எஸ்.டி வரியும் ரிப்போட் செலவும் சேர்ந்து வரும் எண்டு கடைசியிலதான் விளங்கிச்சுது, சைன் வைக்க முதல் கேளுங்கோ. ஃபோன் எடுத்தா எப்பவும் மீற்றிங்காம். முதுகு ஏலாத ஆக்களின்ர வழக்கு எடுக்கிற ஒஃபிஸ் மேல்மாடியில, லிஃப்ட் இல்லை, போகேக்க ஆரையும் கூட்டிக்கொண்டு போங்கோ.