கிகேட் + கிட்: ஸ்கீமேட்டிக்குக்கு ஓகே, லேஅவுட்டுக்குப் பொறுமை வேண்டும்

சர்க்யூட் போர்டு வடிவமைக்கும் இலவச சாஃப்ட்வேரான கிகேட்டில் வரையும் போர்டு ஃபைல்களை, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட்டில் வைக்கலாமா என்று கேட்டால், தயங்காமல் வையுங்கள் என்பேன். ஆனால் சாஃப்ட்வேர்காரர்களுக்குக் கிடைக்கிற அத்தனை வசதியும் இங்கேயும் கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

ஸ்கீமேட்டிக் (சர்க்யூட் வரைபடம்), போர்டு (பாகங்களும் காப்பர் இணைப்புகளும் எங்கே என்று காட்டும் லேஅவுட்) இரண்டுமே வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான், நோட்பேடில்கூடத் திறக்கலாம். 2021 டிசம்பரில் வந்த 6-ஆம் வெர்ஷனிலிருந்து, பயன்படுத்தும் சிம்பல்களின் (பாகங்களைக் குறிக்கும் படங்களின்) நகலும் ஸ்கீமேட்டிக்குக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. இதன் அருமை, பழைய ரெவ் ஏ (முதல் ரிவிஷன்) போர்டு ஒன்று ரிப்பேருக்குத் திரும்பி வரும்போதுதான் தெரியும்: நடுவில் லைப்ரரியை யார் எப்படிக் கலைத்திருந்தாலும் சரி, அந்த ரிவிஷனுக்கு கிட்டில் போட்டு வைத்த டேகை (பெயர்க்குறியை) எடுத்துத் திறந்தால் அன்று வரைந்த சர்க்யூட் அப்படியே வருகிறது. 3டி மாடல்களுக்கு மட்டும் இந்தக் கொடுப்பினை 9-ஆம் வெர்ஷனில்தான் கிடைத்தது.

ஒரு ரெசிஸ்டரை 10கே-யிலிருந்து 4.7கே ஆக்கினால் டிஃப்பில் (பழையதையும் புதியதையும் வரிவரியாக ஒப்பிடுவதில்) ஒன்றிரண்டு வரிதான் மாறும், பார்க்கவே சுகம். லேஅவுட்டில் அப்படியில்லை. ஒரு வியாவை (லேயர்களை இணைக்கும் துளையை) அரை மில்லிமீட்டர் நகர்த்திவிட்டு பி கீயைத் தட்டி கிரவுண்ட் ஸோனை (காப்பர் நிரப்பும் பரப்பை) மறுபடி நிரப்பிப் பாருங்கள், நிரம்பிய காப்பரின் ஒவ்வொரு முனையும் எங்கே இருக்கிறது என்று ஃபைலில் எழுதப்படுவதால் நூற்றுக்கணக்கான வரிகள் மாறிக் கிடக்கும், அதில் நாம் கைவைத்தது எது, ஸோன் தானாக மாறியது எது என்று கண்ணால் பிரிக்கவே முடியாது. இதற்கு கிரி என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, இரண்டு கமிட்டையும் (கிட்டில் பதிந்த நிலைகளையும்) லேயர் வாரியாகப் படமாக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டும். இன்ஸ்டால் செய்வது கொஞ்சம் தலைவலி, கமிட் அதிகமானால் மெதுவாகவும் ஓடும், இருந்தாலும் அது இல்லாமல் நான் லேஅவுட் ரிவ்யூ செய்வதில்லை. சும்மா பார்க்க மட்டும் என்றால் கிகேன்வாஸ் போதும், பிரவுசரிலேயே திறந்துவிடும்.

மெர்ஜை, அதாவது இருவரின் மாற்றங்களை கிட் ஒன்றாகச் சேர்ப்பதை, மறந்துவிடுங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையில் ரூட்டிங் செய்ததை கிட் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டாலும், டிஆர்சி (டிசைன் விதிச் சோதனை) ஓட்டும்வரை எந்த ட்ரேஸ் (காப்பர் கோடு) எதன்மேல் ஏறியிருக்கிறது என்று தெரியாது. "போர்டு இப்போ என்கிட்ட" என்று குரூப்பில் போட்டுவிட்டுத் தொடுவதுதான் இன்றைக்கும் நடைமுறை.

எனக்குப் பெரிய கடுப்பு வெர்ஷன் ஏற்றம். டீமில் ஒருவர் 9-இல் திறந்து சேவ் செய்தால் போதும், 8 வைத்திருப்பவருக்கு அந்த ஃபைல் திறக்காது. புராஜெக்ட் முடியும்வரை எல்லோரும் ஒரே வெர்ஷன் என்று ரீட்மீயில் எழுதி வைப்பது நல்லது.

கெர்பரை, அதாவது போர்டு தயாரிக்கும் கம்பெனிக்குக் கொடுக்கும் ஃபைல்களை, கமிட் செய்யாதீர்கள். அதில் உருவாக்கிய தேதி பதிவாவதால், டிசைனில் ஒன்றுமே மாறாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் மாற்றம் என்றே காட்டும். 7-ஆம் வெர்ஷனிலிருந்து கமாண்ட் லைனிலேயே கெர்பர் எடுக்கலாம் என்பதால் டேக் போட்டதும் அதிலிருந்து எடுத்து, ரிலீஸோடு இணைத்துவிடுங்கள். அப்புறம், ரிவிஷன் எழுத்தை சில்க்ஸ்கிரீனில் (போர்டின் மேல் அச்சாகும் லேயரில்) கையால் அடிக்காமல் டைட்டில் பிளாக்கிலிருந்து (வரைபடத்தின் விவரப் பெட்டியிலிருந்து) வரும் வேரியபிளாக வையுங்கள். ஒரு ஃபேப் (போர்டு தயாரிக்கும்) கம்பெனி எங்களுக்கு ரெவ் சி-க்குப் பதில் பழைய ஜிப்பை ஓட்டி ரெவ் பி-யையே அனுப்பிவிட்டது. சில்க்கில் எழுத்து இருந்ததால்தான் சால்டர் தொடுவதற்கு முன்பே பிடித்தோம், பணம் திரும்ப வாங்குவது தனிக் கூத்து.

காசு கொடுத்து வாங்கும் ஆல்டியம் 365-இல் இந்த ஒப்பிடும் வசதியெல்லாம் கூடவே வருகிறது, காசு கொடுக்கிற கம்பெனி என்றால் அங்கேயே இருங்கள். ஆட்டோடெஸ்க்கின் போர்டு சாஃப்ட்வேரான ஈகிளில் இருப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும், 2026 ஜூன் 7-க்குப் பிறகு ஈகிள் கிடையாது என்று ஆட்டோடெஸ்க் அறிவித்திருந்தது. கிகேட் ஈகிள் ஃபைல்களை இம்போர்ட் செய்யும். இம்போர்ட் ஆனதும் எதையும் திருத்தாமல் முதல் கமிட் போட்டுவிட்டு, விட்டுப்போன ஃபுட்பிரிண்ட் (பாகம் போர்டில் உட்காரும் வடிவம்), ஸோன் சங்கதிகளை அடுத்த கமிட்டில் சரிசெய்யுங்கள்.