பட்டருக்குப் பதில் பொடி: ஒன்றரை வருடம் பாவித்த கதை

என் கணவருக்கு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரோல்) 168 என்று ரிப்போட் வந்ததைக் கேட்ட டொரொன்டோ மச்சாள், ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு கிலோ இனுலின் பவுடர் கொடுத்துவிட்டிருந்தா. சிக்கரி வேரில் இருந்து எடுக்கும் நார்ச்சத்து. கொஞ்சத் தண்ணீர் விட்டு விடாமல் அடித்தால் வெள்ளையாகக் குழைந்து பட்டர் மாதிரி வரும். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, இதில் 2 கூட இல்லை.

முதல் வேலையாகக் கேக் அடித்தேன். பாதிப் பட்டர், பாதி இந்தக் களி. கேக் நல்ல மெத்து, கொஞ்சம் ஈரம் கூட. கொழுப்புக் குறைஞ்ச கேக்தானே என்று இவர் நாலு துண்டு சாப்பிட்டார். இரவு பதினொரு மணிக்கு, “இஞ்சாரும், வயிறு பறை அடிக்குது” என்று எழுப்பினார். விடியும் வரை பொருமல், விடிந்தபின் வயிற்றாலை போனது. கணக்குப் பார்த்தால் ஒரே இருப்பில் 15 கிராம் இனுலின் உள்ளே போயிருக்கிறது. சிறுகுடல் இதைச் சமிக்காது. பெருங்குடலில் இருக்கும் பற்றீரியா புளிக்க வைக்கும்போது காஸ் வருகிறது. அப்புறம் ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, இரண்டு மாதத்தில் இரண்டாக்கினோம். பொருமல் இல்லை. இவருடைய பழைய மலச்சிக்கலும் போய்விட்டது, அது எதிர்பாராத லாபம்.

சொதிக்குச் சரிவராது. முதற்பாலுக்குப் பதிலாகக் கரைத்து விட்டேன். மெல்லிய இனிப்பு ஒன்று நின்றது, தேசிக்காய்ப்புளி விட்டும் அடங்கவில்லை. இப்போது கப்பிப்பாலில் மட்டும் சொதி.

கடையில் வாங்கிய கொழுப்பில்லாத மயோனைஸ்தான் பெரிய ஏமாற்றம். லேபலில் கொழுப்புக்குப் பச்சை வட்டம் (குறைவு), சீனிக்குச் செம்மஞ்சள் (நடுத்தரம்). கொழுப்பை எடுத்த இடத்தை மாப்பொருளும், மாப்பொருளை உடைத்து எடுக்கும் மோல்ட்டோடெக்ஸ்ட்ரினும் நிரப்பியிருந்தன. அதிலும் கிராமுக்கு 4 கலோரி, இரத்தச் சீனியையும் வேகமாக ஏற்றும். சீனி வருத்தம் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம்.

மச்சாளிடம் புலம்பியபோது கொழுப்புக்குப் பதிலாகப் போடும் ஒலெஸ்ட்ரா பற்றிச் சொன்னா. சீனி மூலக்கூறில் ஆறு முதல் எட்டுக் கொழுப்பமிலங்களைக் கோர்த்துச் செய்தது. எங்கள் நொதியங்களால் அதை உடைக்க முடியாது, அப்படியே வெளியே போய்விடும், கலோரி பூச்சியம். 1996இல் அமெரிக்காவில் சிப்ஸ் போன்ற நொறுக்குத்தீனிக்கு அனுமதித்தார்கள். வயிற்றுக் குத்து, வயிற்றோட்டம் வரலாம் என்று பைக்கற்றிலேயே எழுத வேண்டியிருந்தது. 2003இல் அந்த எச்சரிக்கை கட்டாயமில்லை என்றாக்கினார்கள். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே விற்றமின்களையும் கரோட்டினையும் அது தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அதனால் அந்த நாலு விற்றமினையும் மேலதிகமாகச் சேர்த்தார்கள், கரோட்டினைச் சேர்க்கவில்லை. கனடா அதை உள்ளே விடவே இல்லை.

இதைக் கேட்டபின்தான் என் முருங்கையிலை வறை ஞாபகம் வந்தது. ஆறு மாதமாகத் தேங்காய்ப்பூ போடாமல், எண்ணெயும் விடாமல் வறுத்துக்கொண்டிருந்தேன். இலையில் இருக்கும் கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சமாவது கொழுப்பு வேண்டும். அடுத்த நாளே ஒரு பிடி தேங்காய்ப்பூ திரும்ப வந்தது. இவருக்கு அதுவே பெருநாள்.

இப்போது எல்டிஎல் 121. டொக்டர் குளிசையும் கொடுத்தவர், அதனால் பொடிக்குப் பேர் வாங்கிக் கொடுக்க மாட்டேன். காலையில் யோகட்டில் இரண்டு தேக்கரண்டி போகிறது, அவ்வளவுதான். இன்னொரு கிலோ அனுப்பவா என்று மச்சாள் கேட்டா. அரைக் கிலோ காணும் என்றேன், கேக்குக்கு இனிப் போடுவதில்லை.